மாமனாரின் ஜன்னல்

காலமாகி ஒன்பது வருடமாகிவிட்ட மாமனார் வைரக்கண்ணு, அன்றைக்கும் வழக்கம்போலக் காலை நடையை முடித்துக்கொண்டு வீடு திரும்பினார். வாசலில் காலைத் துடைத்துக்கொண்டார். "ஆறாம் தெருவில் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது" என்று தகவல் சொன்னார். பிறகு சமையலறைக்குள் போய் மாப்பிள்ளைக்குத் தோசை வார்க்க ஆரம்பித்தார்.

மாப்பிள்ளை சிவக்கொழுந்துக்கு வயது எண்பத்து மூன்று. அலுவலகத்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் இருந்ததால், "முறுகலா ஒண்ணு போடு சிங்காரம்" என்று மட்டும் குரல் கொடுத்தார்.

புதுப் பழவேற்காட்டில் இது ஒன்றும் அதிசயமில்லை. செவ்வாய்க் கிரகத்தின் பெரிய பள்ளம் ஒன்றுக்கு அடியில், தமிழரும் டச்சுக்காரரும் கூட்டாகக் குடைந்து கட்டிய ஊர் அது. பூமியிலே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் ஒரு காலத்தில் கோட்டை கட்டி வாணிபம் செய்திருக்கிறார்கள். அந்தப் பழைய பழக்கத்தை நினைத்து ஒரு குழு கூடிப் பெயர் வைத்தது. ஊரில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் கையில் ஓர் உயிர்க்காப்பு மாட்டுவார்கள். அது நாடியைப் பார்த்துப் பார்த்து, ஆயுட்கணிப்பான் என்கிற பெரிய கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். காப்பு துடித்தால் ஆள் இருக்கிறார். ஆள் போய்விட்டால் வீட்டார் காப்பைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் விதி.

விதியில் குறையில்லை. குறை வெந்நீரில் இருந்தது. தொண்ணூறு வயதைத் தாண்டியவருக்குத் தினம் ஓர் அண்டா வெந்நீர் என்பது ஊர்ச் சட்டம். மற்றவர்கள் ஈரத்துண்டால் உடம்பைத் துடைத்துக்கொண்டு திருப்திப்பட வேண்டியதுதான். செவ்வாயின் குளிரில், சனிக்கிழமை காலையில், தலையில் நல்லெண்ணெயை அரக்கித் தேய்த்துக்கொண்ட ஒருவன் எதிரே ஆவி பறக்கிற ஓர் அண்டாவை நினைத்துப் பாருங்கள். அது இருக்கிற வீடு வீடு. இல்லாத வீடு வெறும் குகை.

ஆகவே, பெரியவர் கண்ணை மூடினால் தெருவே திரண்டு வந்து அழும். மாலை போடும். தோட்டத்து மண்ணுக்கு முறைப்படி வழியனுப்பும். பதினாறாம் நாள் பாயசத்தோடு விருந்து நடக்கும். காப்பை மட்டும் யாரும் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். வீட்டு வேலை பார்க்கிற இயந்திர ஆளான ஏவலனின் மணிக்கட்டில், குளிர்நீர் ஓடுகிற குழாய் ஒன்று உண்டு. அது மனித நாடியைப் போலவே துடிக்கும். இதை முதலில் கண்டுபிடித்த புண்ணியவதி யாரென்று தெரியவில்லை. அவர் கண்டுபிடித்ததிலிருந்து, காலமான பெரியவர்களின் காப்புகள் ஏவலன்களின் கையில் ஏறி, தெருத்தெருவாக நடைபழகிக்கொண்டிருந்தன. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது சரியாகத்தான் இருந்தது.

ஆயுட்கணிப்பானுக்குச் சந்தேகப்படத் தெரியாது. அதை வடிவமைத்தவர்கள் டச்சுக்காரர்கள். செத்தவரின் காப்பை வீட்டிலேயே வைத்துக்கொள்கிற மனிதர்கள் இருக்கக்கூடும் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

சந்தேகப்படுவதற்கென்று ஊரில் சம்பளம் வாங்கியவர் ஒருவர்தான். அவர் நம் சிவக்கொழுந்து. இருப்பு அலுவலர் என்பது அவருடைய பதவி. பெரியவர்கள் இருக்கிறார்களா என்று வருடத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் நேரில் பார்த்துச் சான்று தர வேண்டும். போவார். சுக்குக் காப்பி கொடுப்பார்கள். "பெரியவர் சௌக்கியமா?" என்று கேட்பார். "சௌக்கியந்தான் சார். நடக்கப் போயிருக்காரு" என்பார்கள். ஏவலன் காப்பி டம்ளரை எடுக்க வரும்போது, அதன் கையிலிருக்கும் காப்பைத் தம் கருவியால் தொட்டுவிட்டு எழுந்துகொள்வார். பதினாறாம் நாள் விருந்தில் பாயசம் குடித்த அதே வாய்தான் சௌக்கியமா என்றும் கேட்டது. ஊரோடு ஒத்துப் போகிறவர், நல்ல மனுஷர். அவர் வீட்டிலும் அண்டா இருந்தது; மாமனாரின் காப்பைக் கையில் மாட்டிக்கொண்டு நடக்கிற ஏவலன் சிங்காரமும் இருந்தது.

அவருக்கென்று ஒரே ஓர் ஆசை உண்டு. அது ஜன்னல்.

பள்ளத்தின் மேல் விளிம்பில், மேற்கே பார்த்தாற்போல், கனத்த கண்ணாடி போட்ட வீடுகள் கொஞ்சம் இருக்கின்றன. அங்கே கதிர்வீச்சு அதிகம். அது உடம்பைக் கெடுக்கப் பல பத்து வருடங்கள் பிடிக்கும் என்பதால், ஓய்வு பெற்றவர்களுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்கிற வயதானவர்களுக்கும் மட்டும் அனுமதி. வேலை பார்க்கிறவர்கள் கீழேதான். சிவக்கொழுந்து தம் வாழ்நாளில் ஒரே ஒரு தரம் விளிம்புக்குப் போயிருக்கிறார், கல்யாணத்தன்று. மணமக்களுக்கு அருந்ததி காட்டுகிற சடங்கை ஊர் விட்டுவிடவில்லை. நட்சத்திரம் தெரிவதற்குக் காத்திருந்த நேரத்தில் சூரியன் மறைந்தது. செவ்வாயில் அந்தி நீலமாக இருக்கும். சிவந்த வானத்தின் ஓரத்தில், சின்னச் சூரியனைச் சுற்றி அடுப்புத் தீயின் நீலம். பக்கத்தில் நின்ற தையல்நாயகி, பட்டுப்புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அருந்ததி தெரிந்ததா என்று ஐயர் கேட்டபோது இருவருமே பொய் சொன்னார்கள்.

'ஓய்வு பெற்றதும் அந்த ஜன்னல் பக்கத்தில் ஆளுக்கொரு நாற்காலி' என்பது அன்றைக்குப் பேசிக்கொண்டது. அப்போது ஓய்வு வயது எழுபத்தொன்பது. இப்போது எண்பத்தெட்டு.

எப்படி ஏறிற்று என்றால், அதற்கும் ஒரு விதி. டச்சுக்காரர்கள் பூமியில் தங்கள் நாட்டிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த விதி அது. அறுபத்தைந்து வயதானவர் சராசரியாக இன்னும் எத்தனை வருடம் இருப்பார் என்று கணக்கிடுவார்கள். அது ஒரு வருடம் கூடினால், அதில் எட்டு மாதம் வேலைக்கு, நாலு மாதம் வீட்டுக்கு. ஏற்றுவதானால் மூன்று மூன்று மாதமாக ஏற்றுவார்கள். அதற்குக் குறைந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ள மாட்டார்கள். திடீரென்று தலையில் போடுவதும் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். நியாயமான விதிதான். ஒரே ஒரு சங்கடம், அது ஏறும், இறங்காது.

அந்த வருட அறிவிப்பு சிவக்கொழுந்துக்கு உயிர்நாடி. அவர் டிசம்பர் கடைசியில் பிறந்தவர். இந்தத் தடவை வயதை எண்பத்தெட்டிலேயே விட்டுவைத்தால், ஐந்தாம் வருட முடிவில் ஓய்வு, ஜன்னல், நாற்காலி எல்லாம் நிச்சயம். மூன்று மாதம் ஏற்றிவிட்டால் அவர் அதற்கடுத்த வருடத்தில் போய் விழுவார். அந்த வருடத்துக்கு உரிய வயதை அடுத்த அறிவிப்புதான் சொல்லும். அதிலும் மூன்று மாதம் என்றால் மறுபடி துரத்த வேண்டும். தமக்கு முன்னால் பலர் அப்படித் துரத்தி மூச்சு வாங்கியதை அவர் பார்த்திருக்கிறார்.

அறிவிப்புக்கு முதல் நாள் அவரை மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார். அனெக்கா அம்மையார் ஆயுட்கணிப்பகத்தின் தலைவி. தமிழைப் புத்தகத்தில் படித்தவர். பேசினால் இலக்கணம் தவறாது.

"சிவக்கொழுந்து அவர்களே, உங்கள் மக்களை எண்ணி வியக்கிறேன். சென்ற ஆண்டு உங்கள் தெருக்களில் தொண்ணூறு கடந்தவர் ஒருவர்கூட இறக்கவில்லை. எங்கள் தெருவில் பதினொருவர் இறந்தார்கள். காரணம் என்ன?"

சிவக்கொழுந்து இடுப்பிலிருந்த கருவியைச் சரிசெய்துகொண்டார். "எண்ணெய்க் குளியலுங்க அம்மா" என்றார். யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் அல்ல.

"குறித்துக்கொள்கிறேன். ஆனால் உங்களுக்கு ஒரு வருத்தமான செய்தி. கணக்கு எல்லைக்கோட்டில் நிற்கிறது. மூன்று மாதத்தை ஒரு மயிரிழையில் தாண்டியிருக்கிறது. இன்றிரவு கணக்கை முடித்துவிடுவோம். மிக முதியவர் ஒருவர் இயற்கையாகக் காலமாகியிருந்தால்கூடத் தாண்டியிருக்காது. யாரும் இறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கணக்கைச் சொன்னேன்."

சிவக்கொழுந்து வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். வருடா வருடம் தாம் குடித்த சுக்குக் காப்பி எல்லாம் ஒன்றாகக் கசந்தது. ஏற்றியது அரசாங்கம் இல்லை, டச்சுக்காரர் இல்லை. வீடு வீடாகப் போய்ச் சௌக்கியமா என்று கேட்டுக் கேட்டு, தம் ஜன்னலைத் தாமே தூரத் தள்ளிவைத்திருக்கிறார். அவருக்கு அழுகைகூட வந்தது.

ஆனால் ஒரு காப்பு போதும் என்றாரே! எழுந்து நேரே எதிர்வீட்டு மாசிலாமணியிடம் போனார். மாசிலாமணிக்கும் எண்பத்து மூன்றுதான்; அவருக்கும் இதே அறிவிப்பு. விஷயத்தைக் கேட்டுவிட்டு மாசிலாமணி ரொம்ப நேரம் மோவாயைத் தடவினார்.

"நியாயந்தான் சிவா. யாராவது ஒருத்தர் குடுத்துடணும். நம்ம சித்தப்பா காப்பைக் குடுக்கலாம்னுதான் எனக்கும் தோணுது. ஆனா வீட்ல மருமக முழுகாம இருக்கா. வெந்நீர் வேணுமில்ல?"

"ஒரு அண்டா போனா என்னய்யா? ஜன்னல் வருமே!"

"ஜன்னல் எல்லாருக்கும் வரும். அண்டா எனக்கு மட்டும்ல போகும்?" என்ற மாசிலாமணி, தோளில் கை போட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு செய்யேன். உங்க மாமனார்தான் ஊர்லயே பெரியவரு. நூத்தி இருபத்தொண்ணு ஆகுது. அவரு காலமானா யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. நல்லா வாழ்ந்துட்டாரு மனுஷன்."

அடுத்தடுத்த வீடுகளிலும் இதே பதில்தான் கிடைத்தது. எல்லாரும் ஒருமனதாக வைரக்கண்ணு காலமாக வேண்டும் என்று அபிப்பிராயப்பட்டார்கள். பூனைக்கு மணி கட்ட வேண்டியது இருப்பு அலுவலரின் தலையில் விழுந்தது.

தையல்நாயகி கீரை நாற்றங்காலில் வேலை பார்ப்பவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கையைக் கூடக் கழுவவில்லை. கணவர் விஷயத்தைப் போட்டு உடைத்தார். தையல்நாயகி அப்படியே பலகையில் உட்கார்ந்தார்.

"எங்கப்பாவுக்கு ரெண்டாந்தடவை பதினாறு பண்ணச் சொல்றீங்களா?"

"நிஜத்தைப் பாரு தையலு. அவரு போயி ஒம்பது வருஷமாச்சு."

"எனக்குத் தெரியாதா? நான்தானே வாயில பால் ஊத்தினேன்." விரல்களில் ஒட்டியிருந்த நாற்றங்கால் மண்ணைத் தட்டினார். பிறகு சொன்னார்: "காலையில சிங்காரம் வெளிய போறப்ப, அப்பா நடக்கப் போறாருன்னு நீங்க சொல்லுவீங்கல்ல. விளையாட்டுக்குத்தான் சொல்லுவீங்க. ஆனா எனக்கு அந்த ஒரு நிமிஷம் நல்லா இருக்கும்."

ஒன்பது வருடமாக இது வெந்நீருக்காக மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவர் சிவக்கொழுந்து.

தையல்நாயகி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, கழட்டுங்க" என்றார். "அப்பா இருந்தாலும் அதத்தான் சொல்லுவாரு. மாப்பிள்ளைக்கு ஜன்னல்னா உசிருன்னு அவருக்குத் தெரியும்."

சிங்காரம் குளியலறையில் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தது. சிவக்கொழுந்து அதன் இரும்பு மணிக்கட்டைப் பிடித்து, காப்பின் கொக்கியைத் திறந்தார். திறந்த கையோடு வாசல் மணி அடித்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல் அனெக்கா அம்மையார் கையில் பெரிய மாலையோடு நின்றார்.

"பெரியவர் வைரக்கண்ணு அவர்களைக் காண வந்தேன்."

"குளிச்சிட்டிருக்காரு" என்றார் தையல்நாயகி. இந்த வீடுகளில் எல்லாப் பெண்களுக்கும் வாயில் தயாராக இருக்கும் பதில் அது. உள்ளே சிங்காரம் அண்டாவைக் கவிழ்த்தது. சளசளவென்று தண்ணீர் ஓடியது.

அம்மையார் முகம் மலர்ந்தது. "நூற்று இருபத்தொரு வயதில் தாமே குளிக்கிறார்! நான் தொந்தரவு செய்ய மாட்டேன். இந்த ஊரிலேயே சீரான நாடி அவருடையதுதான். ஒன்பது ஆண்டுகளாக ஒரு துடிப்புகூடப் பிசகவில்லை. அவரைச் சிறப்பிக்க ஆட்சிக்குழு ஒரு ஜன்னல் வீடு ஒதுக்கியிருக்கிறது. வரும் வாரமே குடியேறலாம். மகளும் மருமகனும் வயதானவர்கள் என்பதால் உடன் தங்கத் தடை இல்லை. அவருக்கு விருப்பம்தானா? உடனே சொன்னால் நல்லது. வரிசையில் வேறொருவர் காத்திருக்கிறார்."

குளியலறைக் கதவருகில் சிவக்கொழுந்து நின்றார். கதவிடுக்கில் நீண்டிருந்த சிங்காரத்தின் மணிக்கட்டில் இன்னும் காப்பு; அவர் விரல்களுக்கு நடுவே அதன் திறந்த கொக்கி. கழற்றிவிட்டால் ஐந்து வருடத்தில் ஓய்வு நிச்சயம், ஜன்னலும் நிச்சயம். மாட்டிவிட்டால் ஓய்வு தள்ளிப்போகும். எவ்வளவு தள்ளிப்போகும் என்று கடவுளுக்கும் தெரியாது. ஆனால் ஜன்னல் அடுத்த வாரம்! தையல்நாயகி அவரையே பார்த்தார். ஐம்பத்தைந்து வருடத்துக்கு முன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்த அதே கண்கள். ஆசை யாரை விட்டது? சிவக்கொழுந்தின் விரல்கள் கொக்கியை அழுத்தின. க்ளிக் என்றது.

"மாமாவுக்குப் பூரண சம்மதமுங்க" என்றார்.

மறுநாள் ஓய்வு வயது எண்பத்தெட்டு வருடம் மூன்று மாதம் என்று அறிவித்தார்கள். தெருவெல்லாம் கூடி நின்று அரசாங்கத்தைத் திட்டியது. மாசிலாமணி எல்லாரையும்விட உரக்கத் திட்டினார்.

ஜன்னல் வீடு நினைத்ததைவிட நன்றாக இருந்தது. மேற்குச் சுவர் முழுவதும் கண்ணாடி. அதன் முன்னால் மூன்று நாற்காலிகள் போட்டார் தையல்நாயகி, அப்பாவுக்கும் சேர்த்து. அவர் நாற்றங்காலில் அரைநாள் வேலைக்கு மாறிக்கொண்டார். சிவக்கொழுந்துக்கு அது முடியாது. இருப்பு அலுவலர் ஒருவர்தானே? தவிர, விளிம்பிலிருந்து அலுவலகத்துக்கு மின்தூக்கியில் இறங்கி, இரண்டு வண்டி மாறிப் போக வேண்டும். அவர் வீட்டுக்கு வரும்போது கண்ணாடிக்கு வெளியே கருப்பாக இருக்கும். ஜன்னலோர நாற்காலியிலிருந்து சிங்காரம் எழுந்து சட்டையை வாங்கிக்கொள்ளும்.

"இன்னிக்கி எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார்.

"நீலமாக இருந்தது" என்று சிங்காரம் சொல்லும்.

"ஒரு நாள் லீவு போட்டா என்ன?" என்று தையல்நாயகி கேட்காத வாரமில்லை.

"லீவை இப்ப எதுக்கு வீணாக்கணும்? சேத்து வெச்சா கடைசியில மொத்தமா எடுத்துக்கலாம். ரிட்டயர் ஆனப்புறம் தினமும் இதுதானே வேலை" என்பார். குறையாக அல்ல, சந்தோஷமாகத்தான் சொல்வார். ஜன்னல் கையில் வந்துவிட்டது. ஜன்னல் எங்கும் ஓடிவிடாது. படுக்கப் போகும்முன் கண்ணாடியைத் துண்டால் ஒருமுறை நன்றாகத் துடைத்துவிட்டுப் படுப்பார்.

மறுவருடம் இருப்புச் சான்று தரும் காலம் வந்தது. முறைப்படி கடைசியாக அவர் பார்க்க வேண்டியது தம் வீட்டைத்தான். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதால் அன்றைக்கு வெளிச்சத்திலேயே வீடு வந்து சேர்ந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். இடுப்பிலிருந்து கருவியை எடுத்தார். கடமை கடமைதான். சிங்காரத்தின் முன்னால் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, "பெரியவர் சௌக்கியமா?" என்றார்.

"பெரியவர் காலமாகிப் பத்து வருடமாகிறது" என்றது சிங்காரம். ஏவலனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதுவரை அதனிடம் நேராக யாரும் கேட்டதில்லை. "அவர் பெயரில் தினமும் நான் நடக்கிறேன். தினமும் சூரியன் மறைவதைப் பார்க்கிறேன். எனக்கு அது தேவையில்லை. உங்களுக்காக ஏதாவது செய்ய வேண்டுமா?"

"என்னங்க, திரும்புங்க. இறங்குது" என்றார் தையல்நாயகி.

"இதோ ஆச்சு தையலு. கருவி தகராறு பண்ணுது." காப்பைத் துணியால் துடைத்து மறுபடி கருவியை வைத்தார். சிங்காரத்தின் இரும்புக் கன்னத்தில் நீல வெளிச்சம் பட்டுப் பரவியதைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியது. ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று தம்மையே நொந்துகொண்டார்.

"சிங்காரம், நீ தினமும் பாக்கறதை எல்லாம் பதிவு பண்ணி வெச்சுடு. ஒரு நாள் விடாம. ரிட்டயர் ஆனதும் நாங்க ரெண்டு பேரும் உக்காந்து நிதானமா பாத்துக்கறோம்."

"சரி" என்றது சிங்காரம். கருவியும் ஒருவழியாகக் கீச்சிட்டது. சான்று முடிந்தது.

சிவக்கொழுந்து நிறைந்த மனதோடு ஜன்னல் பக்கம் திரும்பினார். கண்ணாடி இருட்டியிருந்தது. அதில் அவர் முகம்தான் தெரிந்தது. ஓரத்தில் தூசி படிந்திருப்பதைக் கண்டு, துண்டை எடுத்துவர எழுந்து போனார்.